திராட்சைத் தோட்டம் பார்க்க எந்த மாசம் நல்லது?

சொர்ணவாரி நெல் அறுப்பு, அறுவடை மிஷின் கிடைக்கவே நாலு நாள் அலைச்சல். அதனாலதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் எழுத வரல. நெல் காய வச்சு மூட்டை கட்டி முடிஞ்சது. இன்னிக்கு மழை தூறலா இருக்கு, திண்ணையில உட்கார்ந்து எழுதறேன்.

போன வாரம் புனேவுல இருந்து எங்க அக்கா பையன் போன் பண்ணான். ஆபீஸ் நண்பர்களோட நாசிக் போயிருந்தானாம். ஒயின் தயாரிக்கற ஊர், பாக்கற இடமெல்லாம் திராட்சை தொங்கும்னு நினைச்சுப் போயிருக்கான்.

"மாமா, எங்க பாத்தாலும் இலைதான். ஒரு கொத்து கூட இல்ல. ஏமாந்துட்டோம்."

"எந்த மாசம்டா போனீங்க?"

"இப்பதான் மாமா, ஆகஸ்ட் 15 லீவுல."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. விவசாயி வீட்டுப் பிள்ளை, ஆகஸ்ட் மழையில திராட்சைப் பழம் தேடிப் போயிருக்கான். "எந்த மாசம் போகணும்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?"ன்னு என்னையே கோவிச்சுக்கறான். நீ கேட்டியாடான்னு வாய் வரைக்கும் வந்தது. சொல்லல. அந்த வார்த்தைக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு, கீழ சொல்றேன்.

முதல்ல அவன் கேட்டதுக்கு பதில்.

நாசிக்ல திராட்சைக் கொடிக்கு வருஷத்துக்கு ரெண்டு கவாத்து, ஆனா ஒரே ஒரு அறுவடை. ஏப்ரல் வாக்குல ஒரு தடவை நல்லா ஒட்ட வெட்டி விடுவாங்க. அதுல வர்ற கிளைதான் மழைக்காலம் முழுக்க வளரும். அவன் பாத்த இலையெல்லாம் அதுதான். மழை விட்டதும் செப்டம்பர், அக்டோபர்ல ரெண்டாவது கவாத்து. அதுக்கு அப்புறம்தான் பூ, பிஞ்சு எல்லாம். பழம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும். ஒயின் ஆலைங்க பழத்தை வாங்கி அரைக்கறதும், சுற்றுலா வர்றவங்களைத் தொட்டியில இறக்கிப் பழத்தை மிதிக்க விடறதும் அந்த மூணு மாசத்துலதான். ராத்திரி குளிரும், பகல் வெயில் இதமா இருக்கும். பழம் பாக்கணும்னா பிப்ரவரி. பச்சைப் பசேல்னு மலை, அருவி, கோதாவரி பிறக்கற திரியம்பகேஸ்வரம் இதெல்லாம் பாக்கணும்னா ஆகஸ்ட். ரெண்டும் ஒரே மாசத்துல கிடைக்காது.

பிரான்ஸ் மாதிரி குளிர் தேசத்துல கணக்கு வேற. அங்க பனிக்காலத்துல இலையெல்லாம் கொட்டிட்டுக் கொடி தூங்கப் போயிடும். வசந்தத்துல துளிர்த்து, செப்டம்பர், அக்டோபர்ல அறுவடை. அங்க போர்டோன்னு ஒரு ஊர், ஒயினுக்குப் பேர் போனது. நமக்கு அந்தப் பேர் வேற வழியில தெரியும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி 100 லிட்டர் சேத்து அடிக்கறோமே போர்டோ கலவை, அது அந்த ஊர்லதான் பொறந்தது. ரோட்டோரமா போறவங்க பழத்தைத் திருடறாங்கன்னு, பாத்தாலே பயப்படற மாதிரி நீலமா ஒரு கலவையைத் தெளிச்சு வச்சிருக்காங்க. அந்த வரிசையில மட்டும் அடிச்சாம்பல் நோய் வரலைங்கறதை மில்லார்டேன்னு ஒரு பேராசிரியர் கவனிச்சு, 1885-ல உலகத்துக்குச் சொன்னார். வழிப்போக்கனுக்குப் பயந்து அடிச்ச மருந்து கொடியையே காப்பாத்திடுச்சு.

இப்ப நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். திராட்சைன்னா நமக்குத் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்னு வரிசையா பந்தல். அங்க விளையறது பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க்னு ரகத்துக்குப் பேர். 1832-ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார்னு சொல்றாங்க. 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. சாப்பிடற பழம்தான் பெரும்பாலும், ஆனா ஒயினுக்கும் ஜூஸுக்கும் கூடப் போகுது.

அங்க ஒரு அதிசயம் இருக்கு. வருஷம் பூரா எங்கயாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கும். நம்ம சூட்டுல கொடி தூங்கறதே இல்ல. கவாத்து அடிச்ச நாள்ல இருந்து சுமார் 120 நாள்ல பழம். கொடிக்கு மாசம் தெரியாது, கத்திரிதான் காலண்டர். ஒருத்தர் தையில வெட்டுவார், பக்கத்துத் தோட்டக்காரர் வைகாசியில வெட்டுவார். அதனால ஒரே தெருவுல நடந்தா ஒரு பந்தல் மொட்டையா இருக்கும், அடுத்தது பூ விட்டிருக்கும், அதுக்கும் அடுத்தது கருநீலமா தொங்கும்.

நான் முதல் தடவை போனது ஒரு சித்திரையில. என் சகலைக்குக் கம்பத்துல பாங்கு வேலை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வாங்கன்னு கூப்பிட்டார். எங்க ஊர்ல அந்த மாசம் எப்படின்னு உங்களுக்கே தெரியும், டிவியில வெயில் செய்தி வாசிச்சா திருத்தணி பேர் வராம இருக்காது. 105, 108 டிகிரின்னு அடிக்கற ஊர்ல இருந்து போய், அந்தப் பந்தலுக்கு அடியில நின்னேன் பாருங்க, ஏசி ரூம்ல நுழைஞ்ச மாதிரி இருந்தது. தலைக்கு மேல கொத்துக் கொத்தா பழம். குனிஞ்சுதான் நடக்கணும். டிசம்பர், ஜனவரியில கவாத்து அடிச்ச கொடி அது. வெயில்ல பழுக்கற பழத்துக்குத்தான் இனிப்பு அதிகம், நோயும் குறைவு. வியாபாரி வந்து பெட்டி பெட்டியா அடுக்கிக்கிட்டு இருந்தார். தோட்டக்காரர் மடியில பணம்.

நான் சுத்திப் பாக்க வந்தவன்தான். ஆனா விவசாயிக்கு அடுத்தவன் தோட்டத்தைப் பாத்தா சும்மா இருக்க முடியாது. கல்லுக்கால் எத்தனை அடிக்கு ஒண்ணு, கம்பி எத்தனை கிலோ, ஏக்கருக்கு எத்தனை கொடின்னு கேட்டுக்கிட்டே வந்தேன். எனக்குக் கிணத்துப் பாசனத்துல 60 சென்ட் இருக்கு. அன்னிக்கு ராத்திரி சகலை வீட்டு மொட்டை மாடியில படுத்துக்கிட்டு, அந்த 60 சென்ட்ல மனசாலயே பந்தல் போட்டு முடிச்சுட்டேன். காசுக்கு என்ன பண்றதுன்னும் முடிவு பண்ணியாச்சு. வீட்டுக்காரம்மா வளையல் நாலு.

மறுநாள் காலையில குச்சிக்கு முன்பணம் குடுக்கலாம்னு திரும்பவும் அதே தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பெரியவர் நாத்துக் குச்சியும் விக்கறவர்தான். காசை வாங்கிப் பையில போட்டுக்கிட்டா அவருக்கு லாபம். அவர் வாங்கல.

"தம்பி, இன்னைக்குப் பாத்துட்டுக் கணக்குப் போடாதீக. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கட்டுன சேலை இது. ஐப்பசி, கார்த்திகையில ஒரு தரம் வாங்க. அப்பவும் போடணும்னு தோணுச்சுன்னா நானே குச்சி தாரேன்."

எனக்கு அப்ப கோவம்தான் வந்தது. வெளியூர்க்காரன் திராட்சை போட்டுடுவான்னு பயப்படறார் போலன்னு நினைச்சேன். திரும்பி வந்ததும் வீட்டுக்காரம்மா கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "பெரியவர் வாக்கு, ஆறு மாசம்தானே, பொறுங்க"ன்னா. வளையல் அவளோடது, அதனால அவ பேச்சுதான் செல்லும்.

அந்த வருஷம் கார்த்திகையில மாலை போட்டேன். சபரிமலைக்குக் கம்பம், குமுளி வழியா வேன்ல போனோம். அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், பந்தலை ஒட்டி வேனை நிறுத்தி, ஜூஸ் குடிச்சுட்டு, பழம் வாங்கிட்டுத்தான் சாமிங்க மலை ஏறும். குருசாமி கிட்ட ஒரு மணி நேரம் கேட்டு, நான் மட்டும் ஒரு ஆட்டோ பிடிச்சு சுருளிப்பட்டி பக்கம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

அஞ்சு நாளா மழையாம். பந்தலுக்குள்ள கால் வைக்கும்போதே புளிச்ச வாடை. பழம் பழுக்கற நேரத்துல மழை புடிச்சா தண்ணியைக் குடிச்சுத் தோல் வெடிச்சுடும். ஒரு பழம் வெடிச்சா சாறு ஒழுகி, ஈ மொய்ச்சு, கொத்து பூரா அழுகும். பெரியவரும் அவர் சம்சாரமும் இன்னும் ரெண்டு பொம்பளைங்களும் கத்திரியால வெடிச்ச பழத்தை ஒண்ணு ஒண்ணா நறுக்கி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கீழ பூரா பழம், மிதிக்காம நடக்க வழியில்ல. விலை பேசிட்டுப் போன வியாபாரி வரல, போனும் எடுக்கல. பழம் விக்கற காசு அந்த ரெண்டு பொம்பளைங்க கூலிக்குக் காணுமான்னு தெரியாது.

என்னைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார்.

"வாங்க சாமி. சொன்ன மாதிரியே வந்துட்டீகளே."

மழையில பழுக்கும்னு தெரிஞ்சும் எதுக்கு ஆவணியில கவாத்து அடிக்கணும்னு கேட்டேன். எல்லாரும் சித்திரைக்கே பழம் கொண்டு வந்தா விலை என்னாகும்னு அவர் திருப்பிக் கேட்டார். வருஷத்துக்கு மூணு வெள்ளாமை எடுத்தாத்தான் மருந்துக்கும் கூலிக்கும் கட்டும். மூணு எடுத்தா அதுல ஒண்ணு மழையில மாட்டத்தான் செய்யும். சில வருஷம் தப்பிக்கும், அப்ப நல்ல விலை. சில வருஷம் இப்படி.

"இது மூணையும் சேத்துத்தான் திராட்சை. சித்திரை மட்டும் திராட்சை இல்ல சாமி"ன்னார். அழுகாத கொத்தா நாலு தேடி எடுத்து ஒரு பையில போட்டுக் குடுத்தார். காசு வாங்கல. வேன்ல திரும்பி வந்து சாமிங்களுக்குக் குடுத்தேன். நல்ல இனிப்புன்னு எல்லாரும் சாப்பிட்டாங்க.

நான் திராட்சை போடல. அந்த 60 சென்ட்ல இன்னிக்கும் மல்லிதான். வளையல் நாலும் வீட்டுக்காரம்மா கையில இருக்கு. திராட்சை போட்டவங்க எல்லாம் முட்டாள்னு நான் சொல்ல வரல. அந்தப் பெரியவர் அடுத்த சித்திரையில நல்லா எடுத்தார்னு சகலை சொன்னார். மழையில போன ஒரு வெள்ளாமையைத் தாங்கற தெம்பு அவருக்கு இருக்கு, எனக்கு இல்ல. இது எனக்குக் கார்த்திகையில போனதாலதான் தெரிஞ்சது.

இனி அந்தப் பழைய கணக்கு. இதை எழுதணுமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன்.

கம்பம் போயிட்டு வந்து மூணு நாலு வருஷம் இருக்கும். மார்கழியில ஒரு ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து ஒரு குடும்பம் கார்ல வந்தது. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. என் கழனிக்கு அடுத்த ஒரு ஏக்கர் விலைக்கு வந்திருந்தது. வித்தவர் என் பங்காளி. அவங்க வந்த அன்னிக்கு ஊரே அழகு. ஏரி ததும்பி நிக்குது. நவரைக்கு நாத்து விட்டிருக்கோம். தணிகை மலைப் பக்கமிருந்து பனி இறங்குது. கிணத்துல குனிஞ்சா கைக்கு எட்டற தண்ணி. சின்னப் பையன் அதுல கை விட்டு அளைஞ்சான்.

அந்தம்மா என்னைத்தான் கேட்டாங்க. "அண்ணா, தண்ணி வசதி எப்படி?"

"இதோ பாக்கறீங்களேம்மா, கைக்கு எட்டுது"ன்னு சொன்னேன்.

பொய் இல்ல. ஆனா பாதிதான். சித்திரை பொறந்தா அந்தக் கிணத்துல பாறை தெரியும்னு எனக்குத் தெரியும். என் கிணறும் அப்படித்தான், ரெண்டுக்கும் ஒரே ஊத்து. பங்காளி பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தான். அவன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான் விக்கறான். நான் வாயைத் திறந்தா காரியம் கெட்டுடும். அவங்க கேக்கட்டும் சொல்லலாம், கேக்கலன்னா நமக்கென்னன்னு மனசுக்குள்ள ஒரு நியாயம்.

தையில பத்திரம் முடிஞ்சது. மா, கொய்யா, எலுமிச்சைன்னு ஆசை ஆசையா கன்னு வாங்கி வச்சாங்க. வைகாசியில வந்து கிணத்தை எட்டிப் பாத்தாங்க. அடியில பாறை, ஒரு மூலையில குட்டை மாதிரி கொஞ்சம் தண்ணி. அந்தம்மா என் பக்கம் திரும்பி, "வருஷா வருஷம் இப்படித்தானா அண்ணா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா"ன்னேன். வேற ஒண்ணும் கேக்கல. ஏன் சொல்லலன்னு சண்டை போட்டிருந்தா கூட எனக்குத் தேவலாம். ரெண்டு போர் போட்டாங்க, ஒண்ணுல தூசி, ஒண்ணுல கொஞ்சம் தண்ணி. கொஞ்ச நாள்ல வர்றது குறைஞ்சது. இப்ப அங்க வேலிகாத்தான் முள்ளு தலைக்கு மேல நிக்குது. நடுவுல விற்பனைக்குன்னு ஒரு போர்டு.

முன்ன பின்ன தெரியாத எனக்கு அந்தப் பெரியவர், தன் குச்சி வியாபாரம் போனாலும் பரவாயில்லைன்னு, கார்த்திகையில வாங்கன்னு சொன்னார். அந்தப் புண்ணியத்தை வாங்கிக்கிட்ட நான் அடுத்தவங்களுக்கு அதைத் தரல. என் மருமகன் "முன்னாடியே சொல்லக் கூடாதா"ன்னு விளையாட்டா கேட்டப்ப சுருக்குன்னு பட்டது இதுதான். அதனால இப்ப யாரும் கேக்காமலே சொல்றேன். பட்டணத்துல இருந்து படிக்கறவங்களுக்கு இது பயன்படட்டும்.

சும்மா பாத்து ரசிக்கறதுக்குன்னா:

நாசிக்குக்கு ஜனவரி முதல் மார்ச். கம்பத்துக்குச் சித்திரை, ஏப்ரல் மே. வெயில் ஒத்துக்காதவங்க தை, மாசியில போங்க, அப்பவும் ஏதாவது ஒரு பந்தல்ல பழம் இருக்கும், ஊர் குளுமையா இருக்கும். ஜூன் முதல் தேதி வாக்குல முல்லைப் பெரியாறு தண்ணி திறந்தா பள்ளத்தாக்கு பூரா நெல் நடவு, கேரளாப் பக்கமிருந்து சாரல். சுருளி அருவி பாக்கணும்னா அதுக்கு அப்புறம் போங்க. வெள்ளம் வந்தா வனத்துறை குளிக்க விடமாட்டாங்க, கேட்டுட்டுப் போங்க. 2023-ல இருந்து சென்னை சென்ட்ரல்ல இருந்து தேனி வழியா போடிக்கு ரயிலும் இருக்கு. தோட்டத்துல நுழையறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. இலையில நீலமா, வெள்ளையா திட்டு இருந்தா மருந்து அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், பறிச்சு வாயில போடாதீங்க. போட்டோ எடுத்த தோட்டத்துலயே ஒரு கிலோவாவது வாங்குங்க.

எங்க திருத்தணிக்குன்னா மார்கழி, தை, மாசி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. மலைக்கு 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. ஒவ்வொரு படிக்கும் பூசை பண்ணிப் பாடிக்கிட்டே ஏறுவாங்க. ஆடிக் கிருத்திகைக்கு வந்தா காவடிக் கூட்டம், நிக்க இடம் இருக்காது, அதுவும் பாக்க வேண்டியதுதான். மாம்பழம் வேணும்னா வைகாசி, ஆனியில வாங்க. எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கத்துப் பழமும் எங்க கடைத்தெருவுக்குத்தான் வரும்.

நிலம் வாங்கறதுக்கோ, பண்ணை போடறதுக்கோன்னா:

நல்லா இருக்கற மாசத்துல வராதீங்க. வந்தா இன்னொரு தடவையும் வாங்க. வைகாசியில கிணத்தை எட்டிப் பாருங்க. கார்த்திகையில கார் உள்ள வருதா, வழி சேறா, வயல்ல தண்ணி நிக்குதான்னு பாருங்க. விக்கறவர் கிட்ட மட்டும் கேக்காதீங்க, பக்கத்துக் கழனிக்காரரைத் தனியா கேளுங்க. அப்படிக் கேக்கும்போது தண்ணி இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவோம், என்னையே பாத்தீங்களே. "சித்திரையில எத்தனை அடி இறங்கும்?"னு கேளுங்க. அதுக்கு மழுப்ப முடியாது.

போன வாரம் அந்தம்மாவுக்குப் போன் பண்ணேன். இத்தனை வருஷத்துல நானா பண்ணது இதுதான் முதல் தடவை. அன்னிக்கு முழுசா சொல்லாதது என் தப்புன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "யாராவது வாங்க வந்தா என்ன அண்ணா சொல்லுவீங்க?"ன்னு கேட்டாங்க.

"வைகாசியில ஒரு தடவை வந்து பாருங்கன்னு சொல்லுவேம்மா. உங்க நிலம் விக்காம போனாலும் அதைத்தான் சொல்லுவேன்."

"சரி அண்ணா, அப்படியே சொல்லுங்க"ன்னாங்க.

முள்ளு வெட்ட ஆள் பாத்துக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி வெட்டினா, பாக்க வர்றவங்களுக்கு நிலம் நிலமாத் தெரியும்.